விடியக்கால மடை

எட்டு வருஷம் கழித்து டொரன்டோவிலிருந்து நன்னிலம் வந்த மறுநாள். மகள் இசைவாணி இட்லித் தட்டின் முன்னாலேயே தூங்கி வழிந்தாள். மதிவதனிக்கும் பட்டப்பகலில் கண் சொக்கியது. கணவன் பரிதிக்கு மட்டும் ஜெட்லாக் என்ற ஒன்றே கிடையாது. விடிகிற நேரத்துக்கே மண்வெட்டியோடு போய், மடை திறந்து, குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருந்தான். என்ன உடம்பு இது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வயல்கார ரெங்கம்மாளும் அதையேதான் சொன்னாள். "பரிதித் தம்பி மாதிரி வருமா? எட்டு வருஷமா விடியக்கால மடையை அதுதானே தொறக்குது. ஒரு நாள் தப்புனதில்ல."

"நாங்க நேத்துதானே வந்தோம், அத்தை?"

"நீயும் புள்ளையும் நேத்து வந்தீங்க."

மதிவதனி டொரன்டோ வீட்டு சோபாவை நினைத்துக்கொண்டாள். தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், இங்கே விடிகிற அதே நேரத்தில், பரிதி அதில் அரைமணி தூங்குவான். உலுக்கினாலும் எழ மாட்டான். வெளியே முழங்காலளவு பனி கிடந்த நாட்களிலும், அவன் கால் வைத்திருந்த இடத்தில் ஈரச்சேறு ஒட்டியிருக்கும். மகளின் ஷூ என்று திட்டிக்கொண்டே அவள்தான் துடைப்பாள்.