பூசாத பக்கம்

பிள்ளைக்கு மறுபடியும் இளைப்பு வந்ததும் நான் குடையைக்கூடத் தேடவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"அந்தச் செல்லதுரை வாசப்படிய மிதிச்சா திரும்பி வராத" என்றார் என் வீட்டுக்காரர்.

ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார், ஓதம் ஏறிய அறையில் குழந்தையைப் படுக்கவைக்கக் கூடாதென்று. எங்களுக்கு இருப்பதே ஓர் அறை. அதன் கிழக்குச் சுவர் இந்த ஐப்பசி மழையில் ஊறிப்போய், தொட்டால் கையில் தண்ணீர் ஒட்டுகிறது.

ஹாலோ பிளாக் வீடு. கல்லுக்கு நடுவில் ஓட்டை இருப்பதால் வெயில் தாக்காது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. வெளியே மூன்று பக்கம் சிமெண்ட் பூசினோம். கிழக்குப் பக்கம் பூச முடியவில்லை. அது இவருடைய அண்ணன் செல்லதுரையின் இடம். ஒரு சாண்கூட விடாமல் எல்லையிலேயே சுவரை எழுப்பினால் பங்காளி சும்மா இருப்பாரா? என் இடத்தில் சாரம் ஊன்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

பூசாமலே ஐந்து மழைக்காலம் போனது. ஒரு பொட்டு ஈரம் இறங்கவில்லை. எல்லாம் கலவையில் மருந்து சேர்த்ததால்தான் என்று இவர் ஊரெல்லாம் பெருமையடித்தார். மொட்டை மாடியில் நின்றால்கூட அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பமாட்டார், என்னையும் திரும்ப விடமாட்டார். இந்த ஆடியில் அண்ணனுக்குக் கை கால் விழுந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

நான் நேரே செல்லதுரை மாமா வீட்டுக்குள் போனேன். மாமா கட்டிலில் கிடந்தார். அவர் சம்சாரம் வீராயி அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சாரம் கட்ட இடம் கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கெஞ்சினேன்.

மாமாவுக்குப் பேச்சும் போயிருந்தது. என் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சொன்ன சொல்ல மாத்திக்க அவருக்குத் தெரியல தங்கச்சி. வருசா வருசம் ஐப்பசிக்கு முன்ன, உங்க செவுரு பூரா தென்னங்கீத்து கட்டி மறைச்சிருவாரு. இந்த வருசம் எந்திரிக்க முடியல. எனக்கு ஏணி ஏறப் பயம். புள்ளைக்கு இப்புடி ஆவும்னு நெனைக்கல, கோச்சுக்காத."

பிள்ளையை மாமாவின் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, இவரைக் கூப்பிடப் போனேன்.