தெற்குச் சுவர்

கதிரேசன் மேஸ்திரி சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து, மரக்காம்பால் கர்னல் கல்லறையின் தெற்குச் சுவரைத் தட்டினார்.

செல்வமேரி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பூச்சு செங்கல்லோடு ஒட்டியிருந்தால் 'டக்'கென்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே காற்று நின்றிருந்தால் 'பொத்'தென்று காட்டிக்கொடுத்துவிடும். அப்படிக் கேட்டால் மேஸ்திரி யார் முகத்தையும் பார்க்கமாட்டார். உளியை வைத்து மொத்தத்தையும் கொத்திப் போட்டுவிடுவார். ஊரப்பாக்கத்துக் கொத்தனார் பூசிய கிழக்குச் சுவருக்கு அதுதான் நடந்தது. அந்த ஆள் அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை.

"இன்னாடா குப்பா, கர்னலுக்கு நெஞ்சுல சளி கீதான்னு பாத்துடலாமா?" என்றார் மேஸ்திரி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வமேரியின் புருஷன் குப்பன் மட்டும் தலையைச் சொறிந்தான். தெற்குச் சுவர் அவன் பொறுப்பு.

பல்லாவரம் கல்லறைத் தோட்டத்தில் இது ஞாயிற்றுக்கிழமை வேலை. கூலி கிடையாது. பழைய கல்லறைகளைச் சீர்செய்ய அவர்களைக் கூட்டிவந்த பத்ரி வாங்கித்தரும் டீயும் பன்னும்தான். இருநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கர்னல் எந்தச் சண்டையில் ஜெயித்தார் என்பதெல்லாம் பத்ரிக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தது வேறு. சிறுசேரியில் அவர்கள் எழுப்பிய கட்டடங்களுக்குள் இப்போது வாட்ச்மேன் அவர்களை விடமாட்டான். இந்தச் சுவரை நினைத்த நேரம் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

செல்வமேரி தினமும் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்புப் பூச்சு சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். சைட் முடிந்து வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சுவரில் போர்த்திய சாக்கை நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. அண்ணன் கை, சும்மாவா?" என்றான் பத்ரி.

அவள் கண் சுத்தியலை விட்டு நகரவில்லை.

டக். டக்.

மேஸ்திரி மூலைக்கு வந்தார். மூலையில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். காதைச் சுவரோடு வைத்துத் தட்டினார்.

டக்.

நம்பாதவர் மாதிரி இன்னொரு தடவை தட்டினார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார்.

"எங்கடா கத்துக்கின இந்த மூலைய? எனக்கே இப்டி வராதுடா."

குப்பன் மனைவியை ஒருதரம் பார்த்தான்.

"நான் கலவைதான் எடுத்துக் குடுத்தேன், மேஸ்திரி. நீங்கல்லாம் வர்றதுக்குள்ள வெள்ளன வந்து பூசுனது அவ."

ஒருத்தன் சிரித்தான். குப்பன் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

கதிரேசன் செல்வமேரி பக்கம் திரும்பினார். அவரிடம் எத்தனையோ சைட்டில் கல்லும் மண்ணும் சுமந்தவள். பொம்பளை ஆள் கையில் யாரும் பூச்சுக் கரண்டி கொடுப்பதில்லை. அவரும் கொடுத்ததில்லை.

"மேற்கால சுவரு பாக்கி கீது," என்றார் அவளிடம். "வெயில் ஏறதுக்குள்ள ஆரம்பி."

குப்பன் அதற்குள் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றியிருந்தான்.