காற்று ஓய்ந்த நாள்

பங்குனியில் கடலுக்குப் போன சூசை, சூறைக்காற்று கிளம்பிய பிறகும் திரும்பவில்லை. காற்று அடித்தவரை அவன் மனைவி அமலோற்பவம் அழவில்லை. எங்காவது தீவில் படகை ஒதுக்கியிருப்பான், காற்று அடங்கியதும் வந்துவிடுவான் என்றிருந்தாள்.

இன்று வானொலியில் வானிலை அறிக்கை வாசித்தார்கள். தென்கடலோரத்தில் காற்று ஓய்ந்துவிட்டது, இனி வெயில் கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்லலாம். தெருவில் எல்லோர் முகமும் தெளிந்தது.

கொழுந்தன் மிக்கேல் வாசலில் வந்து நின்றான்.

“மதினி, தீவுல ஒதுங்குன படகெல்லாம் காலையிலயே கரைக்கு வந்துட்டு.”

“எல்லாமுமா?”

“எல்லாந்தான்.”

அவள் வாசல் தென்னையின் அசையாத கீற்றைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “திரும்பக் காத்து வரும்னு ரேடியோவுல எதுவும் சொன்னாவளா, மிக்கேலு?”

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“இல்ல மதினி. இனி வெயில்தான்.”