குயிலுக்குச் சந்தா

அந்த மைனாக் குஞ்சு ஒரே ஒரு பாட்டுக்குத்தான் தூங்கும். அதைப் பாட, தாய் மைனா குயிலுக்குத் தினமும் ஓர் அத்திப்பழம் சந்தா கொடுத்துவந்தது.

ஒரு மத்தியானம் குயில், "இனிமே அந்தப் பாட்டு கிடையாதுக்கா, பட்டியல்லேருந்து எடுத்துட்டேன். புதுசா நிறைய இருக்கு, கேளுங்க" என்றது.

"இத்தனை நாள் பழம் கொடுத்தேனே!"

"அது கேட்டதுக்கு. பாட்டை உங்களுக்கு விக்கலையே?"

குஞ்சு வீறிட்டு அழுதது. சத்தம் கேட்ட பூனை மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. பதறிப்போன மைனா தானே பாடிப் பார்த்தது. முதல் அடிக்குமேல் வரவில்லை. குயில்தான் இருக்கிறதே என்று அது கற்றுக்கொள்ளவே இல்லை.

பூனை மரத்தில் நகம் பதித்தது.

அப்போது குஞ்சே விம்மியபடி அடுத்த அடியை முணுமுணுத்தது. அதற்கடுத்ததையும் பாடி அப்படியே கண் மூடியது. சத்தம் அடங்கியதால் எந்தக் கிளை என்று தெரியாமல் பூனை நின்றது.

மைனா மூச்சடக்கி, அந்த அடிகளை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.