ஒன்பதாம் வகுப்பு இல்லாத ஊர்

"எட்டாப்போட ஏம்மா நிறுத்திட்ட?"

காபித் தம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டார் குமரகுரு. அடிவாரத்தில் பள்ளிக்கூடமும் கல்லூரியும் நடத்துகிறவர். மகனுக்குப் பெண் பார்க்க, முதலில் தான் மட்டும் மலையேறி வந்திருந்தார்.

"இந்த ஊர்ல எட்டு வரைக்கும்தாங்க இருக்கு. அதுக்கு மேலன்னா பஸ் பிடிச்சு இறங்கணும். வீட்டுல விடலை," என்றாள் விசாலாட்சி, தலை நிமிராமல்.

"எம் மக மொதக்கொண்டு இங்க எல்லாப் பொண்ணுகளும் எட்டாப்புதாங்க," என்றாள் தரகு பேசிய பிச்சையம்மாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்கள் தலையாட்டினார்கள்.

"அதனால என்ன? படிப்பா சோறு போடுது?" என்றார் குமரகுரு.

"உங்களுக்குப் போட்டிருக்கேங்க!" என்றாள் விசாலாட்சி. பெண்கள் சிரித்தார்கள்.

குமரகுருவும் சிரித்துவிட்டார். "தட்டி ஷெட்டுல ஆரம்பிச்சவன்மா நான். இன்னைக்கு நர்சிங் காலேஜ் வரைக்கும் வந்தாச்சு."

பெண்ணின் அப்பா இராமலிங்கத்திடம் திரும்பினார். "ரோட்டோரக் காபித் தோட்டம் பொண்ணு பேர்லதானே?"

"அவ பேர்லதாங்க."

"எனக்கு ஒரே ஒரு வெசனம்," என்றாள் விசாலாட்சி. "தங்கச்சி ரோகிணியும் எட்டாப்பு முடிச்சிட்டா. ஹைஸ்கூல் கட்டுறேன்னு அப்பாகிட்ட வாங்குன இடத்துல உங்க காட்டேஜ் நிக்குது. அது நீங்க காசு குடுத்து வாங்குன இடம்னு தாலுகா ஆபீஸ்ல சொன்னீங்களாமே?"

குமரகுரு ஜன்னல் வழியே தோட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அட, அது ஆபீசுக்குச் சொல்றது. பள்ளிக்கூடத்துக்குன்னு உங்கப்பா சும்மா குடுத்ததுதான். யாரு இல்லைன்னா? இனி நம்ம ஒரே குடும்பம். நாள் குறிச்சிருவோமா?"

விசாலாட்சி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் கேட்டு மனு எழுதிக்கிட்டு வந்தப்பல்லாம் உங்க கேட்டைக்கூட எங்களைத் தாண்ட விடலை. தோட்டம் வருதுன்னதும் வெரசா வந்துட்டீங்க. இப்பச் சொன்னதை இத்தனை பேரு கேட்டாச்சு. எல்லாரும் ஆபீசுக்கு வந்து சொல்லுவாங்க. ரோகிணி இந்த மலையிலதான் ஒன்பதாவது படிப்பா."

"அப்ப... கல்யாணம்?"

விசாலாட்சி கழுத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கி, உள்ளே கிடந்த தாலியை எடுத்து வெளியே போட்டாள்.

"அது போன தையிலேயே ஆயிருச்சுங்க."

குமரகுரு தம்ளரை வைத்துவிட்டு, காரை நோக்கி நடந்தார்.