தலை அளவு

டிசம்பர் வெயிலில் தகரக் கூரை முறுகுகிறது. முற்றத்தில் எலியேசர் அணைந்துபோன கைபேசியையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இன்னொரு கையில் வியர்வை உப்புப் பூத்த நீலத் தொப்பி. அமெரிக்க பேஸ்பால் கிளப் ஒன்றின் கீழ்மட்ட அணியில் நான்கு வருடமாகப் பந்து வீசுகிறவன் அவன். குளிர்கால விடுமுறைக்குச் சொந்த ஊரான சான் கிறிஸ்தோபலுக்கு வந்திருக்கிறான். காலையில் அவனுடைய கிளப் வேறொரு கிளப்பிலிருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருவரை வாங்கிவிட்டது. அவருக்கு ஈடாக இங்கிருந்து அந்தக் கிளப்புக்குப் போகிற ஆட்டக்காரர் யார் என்றால், 'பெயர் பின்னர் அறிவிக்கப்படும்'.

"பேரே இல்லாதவனைக் குடுத்து ஆள் வாங்கறாங்களே! யாரு பெத்த புள்ளையோ, பாவம்," என்று வாழைக்காய் வறுக்கும் அக்கா ஜாசிரா சிரிக்கிறாள். "போன்ல யாருடா?"

"தெரியலக்கா. ஏதோ கிளப்புல ஆட்டக்காரங்க துணிமணி அடுக்கற ஆளாம். தொப்பிக்குத் தலை அளவு கேட்டான்."

"உங்க கிளப்புக்குத் தெரியாதா? நாலு வருஷமா இந்த மண்டைக்குத்தானே தொப்பி குடுக்கறாங்க?"

எண்ணெய் சடசடக்கிறது. ஒரு துண்டு கருகுகிறது; அவள் திருப்பவில்லை.

"நீ என்ன சொன்னே?"

"ஏழேகால்னு சொன்னேன். சரின்னு வெச்சுட்டான்." அவன் தொப்பியைத் தலையில் வைக்கிறான், எடுக்கிறான். "என் பேரை மட்டும் கேக்கவே இல்லக்கா."