ரோஸியின் லேப்டாப்

மந்தைவெளி ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், கம்ப்யூட்டர் கடை மேஜைமேல் எங்கள் லேப்டாப் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மருமகள் ரோஸி இதில்தான் ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிறாள். ஒரு படம் திறப்பதற்குள் உலையில் சோறே வெந்துவிடுகிறது. இன்று சாயங்காலத்துக்குள் ஆல்பம் போகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். "வேணாம் மாமா, நானே பாத்துக்கறேன்" என்றவளை நான்தான் இழுத்து வந்தேன். இதை எங்களுக்கு விற்ற பாலகணேஷ் திரையைத் தட்டிக் காட்டுகிறான். மூன்று கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தாண்ட வேண்டிய பிராசசர் ஒன்றரையிலேயே நிற்கிறது. தட்டில் கிடக்கும் திருகுகள் ட்யூப்லைட்டில் செதில் மாதிரி மின்னுகின்றன. அவன் கையைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. மீன் தராசில் கல் வைத்தவர்களை நிறையப் பார்த்தவன் நான். "நல்லதக் கழட்டிக்கினு நொண்டிய மாட்டி வித்துட்டியாடா?" "அய்ய, சரக்கு நல்லாத்தான் கீது நைனா. பாதி வேகத்துக்கு மேல போவக்கூடாதுன்னு எவனோ செட்டிங்ல பூட்டி வச்சிக்கிறான்." "எவன் அவன்?" ரோஸி துப்பட்டா நுனியைச் சுருட்டுகிறாள். "நான்தான் மாமா. முழு வேகத்துல ஓடுனா உள்ள ஃபேன் கத்துது. இருக்கறது ஒரே ரூமு. ராத்திரி முழிச்சிக்கறீங்க." மேலே ரயில் ஒன்று தடதடவென்று போய் ஓய்கிறது. "மீன்புடி போட்டு இன்ஜின் பக்கத்துலயே தல வச்சித் தூங்குனவன் நானு. முழுசா ஏத்துடா" என்கிறேன். அவன் ஏற்றுகிறான். ஃபேன் சீறிக்கொண்டு கிளம்புகிறது. ரோஸி என் முகத்தையே பார்க்கிறாள். நின்ற இடத்திலேயே நான் கண்ணை மூடிக் காட்டுகிறேன்.